பிடிபட்ட பிறகு

(தூத்துக்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2010 செப்டம்பரில் 'ஆஸ்பால்ட் வென்ச்சர்' என்ற கப்பலைச் சோமாலியக் கடற்கொள்ளையர்கள் கடத்தினார்கள். அதில் வேலை பார்த்த 15 பேரும் இந்தியர்கள். மாதக்கணக்கில் பேரம் நடந்து, 2011 ஏப்ரலில் பணம் கைமாறியது. கொள்ளையர்கள் கப்பலை விட்டார்கள், எட்டுப் பேரையும் விட்டார்கள். மற்ற ஏழு பேரை மட்டும் கரைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். இந்தியா பிடித்து வைத்திருக்கும் தங்கள் ஆட்களை விட்டால்தான் இவர்களை விடுவோம் என்றார்கள். அந்த ஏழு பேரும் விடுதலையானது 2014 அக்டோபர் கடைசியில்தான். நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் சோமாலியாவில் பிணையாகக் கிடந்தார்கள்.

இந்தியா பிடித்து வைத்திருந்தவர்கள் யார்? 2011 தொடக்கத்தில் கடற்கொள்ளை லட்சத்தீவுப் பக்கம் வரை வந்துவிட்டது. கடத்திய மீன்பிடிக் கப்பல்களையே தாய்க்கப்பலாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து சிறு படகுகளை இறக்கித் தாக்கினார்கள். நம் கடற்படையும் கடலோரக் காவல் படையும் அடுத்தடுத்து அந்தத் தாய்க்கப்பல்களை மடக்கின. 'பிரான்டலே 14', 'பிரான்டலே 11', 'வேகா 5' என்று வரிசையாகச் செய்தி வந்தது. 'வேகா 5' ஒன்றிலேயே 61 பேர் சிக்கினார்கள். எல்லாருமாகச் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். நாடே பாராட்டியது. பாராட்ட வேண்டிய வேலைதான். ஆனால் அந்த வெற்றிக்கு விலையாக யார் பிணைவைக்கப்பட்டார்கள் என்பதை நாம் அன்று பேசவில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். கடற்கொள்ளையை எதிர்க்கும் படைகளின் பின்னால் சட்டம் சரியாக இல்லாத இடத்தில் எல்லாம், அந்தக் குறையின் சுமை போர்க்கப்பலின் மேல் விழுவதில்லை. சரக்குக் கப்பலில் கூலிக்கு வேலை செய்பவன் மேலும், வலை வீசுபவன் மேலும் விழுகிறது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் 100 முதல் 107 வரையிலான பிரிவுகள் கடற்கொள்ளையைப் பற்றியவை. எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத கடலில், ஒரு கப்பலில் இருப்பவர்கள் சொந்த ஆதாயத்துக்காக இன்னொரு கப்பல் மேல் வன்முறை செய்தால் அது கடற்கொள்ளை. கொள்ளைக் கப்பலை எந்த நாட்டுக் கடற்படையும் பிடிக்கலாம். பிடித்த நாட்டின் நீதிமன்றமே தண்டிக்கலாம். இது 105ஆம் பிரிவு. உலகில் வேறு எந்தக் குற்றத்துக்கும் இவ்வளவு பழமையான, இவ்வளவு விரிந்த அதிகாரம் கிடையாது. ஆனால் கவனியுங்கள், தண்டிக்கலாம் என்றுதான் இருக்கிறது. தண்டித்தே ஆக வேண்டும் என்று எந்த நாட்டையும் அது கட்டாயப்படுத்தவில்லை.

அடுத்த சிக்கல், 12 கடல் மைல். அதற்குள் நடந்தால் அது கடற்கொள்ளை ஆகாது. அந்தக் கரை நாட்டின் காவல்துறை பார்க்க வேண்டிய ஆயுதக் கொள்ளை. சோமாலியாவில் 1991இல் மத்திய அரசு சிதறிப் போனது. பார்க்கக் காவல்துறையே இல்லை. கொள்ளையர்கள் 12 மைல் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டால், பின்னால் துரத்தி வந்த கப்பல் வெளியே நிற்க வேண்டியதுதான். இதைச் சரிசெய்ய 2008 ஜூன் 2 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1816ஆம் தீர்மானத்தைக் கொண்டுவந்தது. சோமாலிய இடைக்கால அரசின் ஒப்புதலோடு, அந்நாட்டுக் கடல் எல்லைக்குள்ளும் வெளிநாட்டுப் படைகள் நுழையலாம் என்றது. டிசம்பரில் வந்த 1851ஆம் தீர்மானம் இன்னும் மேலே போய், கரையிலும் நடவடிக்கை எடுக்கலாம் என்றது.

அந்த 1816ஆம் தீர்மானத்திலேயே ஒரு தற்காப்பு வாசகம் உண்டு. இந்த அனுமதி சோமாலியாவுக்கு மட்டும், இதை வைத்துப் பன்னாட்டு வழக்காற்றுச் சட்டம் உருவானதாகக் கொள்ளக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். இந்தோனேசியா போன்ற நாடுகள் இதில் உறுதியாக நின்றன. மலாக்கா நீரிணையில் கொள்ளை நடக்கிறது என்று சொல்லி நாளை யாராவது தங்கள் கடலுக்குள் போர்க்கப்பலோடு வந்துவிடக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு. அதை நான் நியாயமான கவலை என்றே நினைக்கிறேன். காலனி ஆதிக்கத்தைக் கண்ட நாடுகள், காவலுக்கு வருகிறோம் என்று சொல்லி வரும் கப்பல்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு.

2008 கடைசியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 'அட்டலாண்டா' நடவடிக்கை தொடங்கியது. சோமாலியாவுக்கு உணவு கொண்டுபோன உலக உணவுத் திட்டக் கப்பல்களுக்குக் காவல் போவது அதன் முதல் வேலைகளில் ஒன்று. அமெரிக்கா தலைமையில் கூட்டுப்படை 151, நேட்டோ, அவற்றோடு தனித்தனியே இந்தியா, சீனா, ரஷ்யா என்று ஏடன் வளைகுடா போர்க்கப்பல்களால் நிறைந்தது. பிடிக்கவும் பிடித்தார்கள். பிடித்து என்ன செய்தார்கள்?

2008 செப்டம்பரில் டென்மார்க்கின் 'அப்சலோன்' பத்துப் பேரைப் பிடித்தது. அவர்களை எங்கே விசாரிப்பது என்று முடிவு கிடைக்காமல், சில நாள் கப்பலில் வைத்திருந்து, ஆயுதங்களைப் பறித்துக்கொண்டு சோமாலியக் கரையில் இறக்கிவிட்டது. 2010 மே மாதம் ரஷ்யக் கடற்படை தன் நாட்டு நிறுவனத்தின் எண்ணெய்க் கப்பலான 'மாஸ்கோ யுனிவர்சிட்டி'யை அதிரடியாக மீட்டது. பிடிபட்டவர்களை மாஸ்கோ கொண்டுபோய் வழக்கு நடத்துவதாக முதலில் சொன்னார்கள். பிறகு சட்ட அடிப்படை போதாது என்று, ரப்பர் படகு ஒன்றில் ஏற்றி நடுக்கடலில் விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் படகு ரேடாரிலிருந்து மறைந்தது. அவர்கள் இறந்திருக்கக் கூடும் என்று ரஷ்யத் தரப்பே பிறகு சொன்னது. விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை, பெயர்ப் பட்டியலும் வெளியே வரவில்லை. கொள்ளையர்கள்தானே, போகட்டும் என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்க மாட்டேன். ஒருவனைக் கொல்ல வேண்டும் என்றால் அதற்கு ஒரு நீதிமன்றம் முகம் கொடுத்துப் பொறுப்பேற்க வேண்டும். கடல் பொறுப்பேற்காது.

இவை விதிவிலக்குகளும் அல்ல. பிரான்ஸின் முன்னாள் அமைச்சர் ஜாக் லாங், ஐ.நா. பொதுச் செயலாளரின் சிறப்பு ஆலோசகராக 2011 ஜனவரியில் ஓர் அறிக்கை கொடுத்தார். பிடிபடும் கடற்கொள்ளையர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் வழக்கே இல்லாமல் விடப்படுகிறார்கள் என்று அதில் சொல்லியிருந்தார். கோடிக்கணக்கில் செலவழித்துப் போர்க்கப்பல் அனுப்பி, பிடித்து, விட்டுவிடுகிறார்கள். விட்டவன் மறுபருவத்தில் மறுபடி கடலுக்கு வருகிறான்.

ஏன் விட்டார்கள்? மனமில்லாததும் ஒரு காரணம்தான். தண்டனை முடிந்ததும் அந்த ஆள் இங்கேயே அடைக்கலம் கேட்பானே, போரில் கிடக்கும் சோமாலியாவுக்குத் திருப்பி அனுப்ப முடியாதே என்று ஐரோப்பிய அரசுகள் பயந்தன. ஆனால் உண்மையான சட்டச் சிரமங்களும் இருந்தன. போர்க்கப்பல் என்பது காவல் நிலையம் அல்ல. துப்பாக்கியையும் ஏணியையும் கடலில் எறிந்துவிட்டு, நாங்கள் மீன்பிடிக்க வந்தவர்கள் என்று ஒருவன் சொன்னால், அதை மறுக்கச் சாட்சியம் வேண்டும். சாட்சி யார்? பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர், இன்னொரு கப்பலில் வேலைக்குச் சேர்ந்து உலகின் மறுகோடிக்குப் போயிருப்பார். அந்த வாக்குமூலத்தைப் பதிந்த கடற்படை அதிகாரிக்குக் குற்றவியல் நடைமுறையில் பயிற்சி இருந்திருக்காது.

காவல் நேரம் பற்றிய கேள்வியும் உண்டு. நடுக்கடலில் பிடித்த ஒருவனை எத்தனை நாளுக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும்? போதைப்பொருள் கப்பல் ஒன்றைப் பற்றிய மெத்வெதியெவ் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010இல், கடலில் காவலில் வைத்ததற்குச் சட்ட அடிப்படை போதாது என்று பிரான்ஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2014 டிசம்பரில் சோமாலியர்கள் தொடுத்த வழக்குகளிலும் பிரான்ஸ் தோற்றது. கடலில் கழிந்த நாட்களை நீதிமன்றம் பெரிதாகக் குற்றம் சொல்லவில்லை, தூரம் அவ்வளவு. ஆனால் பிரான்ஸ் மண்ணில் இறங்கிய பிறகும் உடனே நீதிபதியிடம் கொண்டுபோகாமல் இன்னும் 48 மணி நேரம் காவலர்கள் வைத்திருந்ததைத் தவறு என்றது. அவர்களுக்குச் சில ஆயிரம் யூரோ இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. கொள்ளையனுக்குப் பணமா என்று பிரான்ஸில் பலர் கொதித்தார்கள். தீர்ப்பு சரி என்பதே என் கருத்து. கொள்ளையனை நாம் சட்டத்தின் பெயரால் பிடிக்கிறோம். அந்தச் சட்டம் நம்மையும் கட்டும்.

இந்தச் சுமையை யாரிடமாவது தள்ளிவிட வேண்டும் என்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் பார்த்தபோது கென்யா கிடைத்தது. ஒப்பந்தம் போட்டுப் பண உதவி செய்தார்கள். பிடித்தவர்களை மொம்பாசாவுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஏற்கெனவே வழக்குகள் தேங்கிக் கிடந்த நீதிமன்றங்கள் அவை. 2010இல் கென்யா ஒப்பந்தங்களிலிருந்து விலகப் போவதாக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் மொம்பாசா உயர் நீதிமன்றம், இந்தியப் பெருங்கடலில் எங்கோ நடந்த குற்றத்தை விசாரிக்கக் கென்ய நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் 2012இல்தான் அது மாறியது. சேஷெல்ஸ் தன் பங்குக்கு ஏராளமான கைதிகளை ஏற்றுக்கொண்டது. மொத்தத் தீவுகளிலும் ஒரு லட்சம் பேர்தான் வாழும் நாடு அது. பணக்கார நாடுகள் பிடிப்பதும், எளிய நாடுகள் அடைத்து வைப்பதுமான இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒருபோதும் மனம் ஒப்பியதில்லை.

நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். 1999 அக்டோபரில் இந்தோனேசியாவிலிருந்து அலுமினியக் கட்டிகளோடு கிளம்பிய 'அலோண்ட்ரா ரெயின்போ' என்ற ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பல் கடத்தப்பட்டது. அதிலிருந்த 17 மாலுமிகளையும் ஒரு தெப்பத்தில் ஏற்றிக் கடலில் விட்டுவிட்டார்கள். நாள்கணக்கில் மிதந்த அவர்களைத் தாய்லாந்து மீன்பிடிப் படகு ஒன்று காப்பாற்றியது. கப்பலுக்குப் புதுச் சாயம் பூசி, 'மெகா ராமா' என்று பெயரும் மாற்றியிருந்தார்கள். நவம்பரில் நம் மேற்குக் கடற்கரைக்கு அப்பால் கடலோரக் காவல் படையின் 'தாராபாய்' கப்பலும் கடற்படையின் 'பிரஹார்' கப்பலும் சேர்ந்து அதை மடக்கின. 2003இல் மும்பை அமர்வு நீதிமன்றம் ஏழாண்டுச் சிறை விதித்தது. 2005இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அவர்கள் விடுதலையானார்கள். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கடற்கொள்ளை என்று ஒரு குற்றமே இருக்கவில்லை. உலகமே மெச்சிய வேட்டை அது. கடைசியில் காகிதத்தில் நிற்கவில்லை.

அன்றே ஒரு சட்டம் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. 2011இல் பிடிபட்டவர்கள் மேல் கொலை முயற்சி முதலிய பொதுப் பிரிவுகளில்தான் வழக்கு நடந்தது. 2017இல் அவர்களில் 15 பேருக்கு ஏழாண்டுத் தண்டனை கிடைத்தபோது, அதில் பெரும்பகுதியை அவர்கள் விசாரணைக் கைதிகளாகவே கழித்திருந்தார்கள். 2012இல் ஒரு மசோதா வந்து காலாவதியானது. 2019இல் இன்னொன்று வந்தது. அதுதான் 2022 டிசம்பரில் நிறைவேறி, 2023 பிப்ரவரியில் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. அலோண்ட்ராவிலிருந்து எண்ணினால் 23 ஆண்டுகள்.

வந்த வேகத்தில் சட்டத்துக்கு வேலையும் வந்தது. மால்டா கொடியோடு போன 'ரூயென்' என்ற பல்கேரியருக்குச் சொந்தமான கப்பலை 2023 டிசம்பரில் கடத்திச் சோமாலியக் கரைக்குக் கொண்டுபோனார்கள். ஐ.நா. பாதுகாப்பு அவை கொடுத்துவந்த அனுமதி 2022 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. சோமாலிய அரசு அதை நீட்டிக்க விரும்பவில்லை. ஆகவே மூன்று மாதம் அந்தக் கப்பல் அங்கேயே கிடந்தது. 2024 மார்ச்சில் அதைத் தாய்க்கப்பலாக்கிக்கொண்டு கொள்ளையர்கள் ஆழ்கடலுக்கு வந்தார்கள். அங்கே ஐ.என்.எஸ். கொல்கத்தா காத்திருந்தது. அவர்கள் நம் ஆளில்லா விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். கடற்படைக் கமாண்டோக்கள் சி-17 விமானத்திலிருந்து குதித்தார்கள். ஏறத்தாழ 40 மணி நேரத்துக்குப் பின் 35 பேரும் சரணடைந்தார்கள். 17 மாலுமிகளில் ஒருவருக்கும் காயமில்லை. நம் கரையிலிருந்து 2,600 கிலோமீட்டர் தொலைவில் நடந்த வேலை இது. பிடிபட்டவர்களை மும்பைக் காவல்துறையிடம் ஒப்படைத்தபோது, எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று இந்த முறை யாரும் தேட வேண்டியிருக்கவில்லை.

இதில் பெருமைப்படுகிறேன். ஆனால் துப்பாக்கி எப்போதும் இவ்வளவு துல்லியமாகப் பேசியதில்லை. 2008 நவம்பர் 18 அன்று ஏடன் வளைகுடாவில் ஐ.என்.எஸ். தபார் ஒரு கொள்ளைத் தாய்க்கப்பலை மூழ்கடித்ததாகச் செய்தி வந்தது. பிறகு தெரிந்தது, அது 'எகாவட் நாவா 5' என்ற தாய்லாந்து மீன்பிடிக் கப்பல்; அதற்குச் சற்று முன்புதான் கொள்ளையர்கள் அதைப் பிடித்திருந்தார்கள். அதிலிருந்த மீன்பிடித் தொழிலாளர்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் போய்விட்டார்கள். உயிர் பிழைத்தவர் கம்போடியாக்காரர். தங்களை நோக்கி ஆயுதம் நீட்டினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது கடற்படை. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் பணயக்கைதிகள் உள்ளே இருக்கும் கப்பலை எப்போது சுடலாம் என்ற கேள்விக்குப் பன்னாட்டுச் சட்டத்தில் இன்றும் தெளிவான விடை இல்லை.

அடுத்தது நம் வீட்டு வாசலில் நடந்தது. 2010இல் பன்னாட்டுக் கப்பல் நிறுவனங்களும் காப்பீட்டுக்காரர்களும் கடற்கொள்ளை அபாயப் பகுதியின் எல்லையைக் கிழக்கே 78 டிகிரி தீர்க்கரேகைக்குத் தள்ளினார்கள். வரைபடத்தில் பாருங்கள், கன்னியாகுமரியே அதற்கு மேற்கில்தான் இருக்கிறது. கேரளக் கடலும் குமரிக் கடலும் ஒரே கோட்டில் அபாயப் பகுதியாயின. கப்பல்களில் ஆயுதக் காவலர்கள் ஏறினார்கள். மாலையில் வலையோடு போகும் ஒவ்வொரு விசைப்படகும் அவர்கள் கண்ணுக்குச் சந்தேகப் பொருளானது. 2012 பிப்ரவரி 15 அன்று, கரையிலிருந்து 20.5 கடல் மைலில், இத்தாலிய எண்ணெய்க் கப்பலான 'என்ரிகா லெக்சி'யில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படையினர் 'செயின்ட் ஆன்டனி' என்ற படகை நோக்கிச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் நம் குமரி மாவட்டத்து இளைஞர்.

வழக்கு எங்கே நடக்க வேண்டும் என்பதிலேயே ஆண்டுகள் கழிந்தன. கேரள அரசுக்கு அதிகாரமில்லை, மத்திய அரசு தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் சொன்னது. இத்தாலி பன்னாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. 2020இல் தீர்ப்பு வந்தது. இந்தியப் படகின் கடற்பயண உரிமையை இத்தாலி மீறியது உண்மை, இழப்பீடு கொடுக்க வேண்டும். ஆனால் சுட்ட இருவரும் அரசுப் பணியில் இருந்த படையினர், அவர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியா விசாரிக்க முடியாது. நடுவர்களிலேயே மூவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். 10 கோடி ரூபாய் கட்டப்பட்டது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. மீன்பிடித்துக்கொண்டிருந்தவரைக் கொள்ளையன் என்று நினைத்துச் சுட்ட குற்றத்துக்கு இந்தியாவில் எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. அபாயப் பகுதியின் எல்லையை மேற்கே நகர்த்தும்படி இந்தியா வற்புறுத்தி, அது நகர்ந்தது 2015 கடைசியில்.

இந்த ஊருக்கு நினைவிருக்கும் இன்னொரு வழக்கு 'சீமேன் கார்டு ஓகயோ'. கப்பல்களுக்குத் தனியார் காவலர்களையும் துப்பாக்கிகளையும் கடலிலேயே வைத்து வழங்கிய மிதக்கும் ஆயுதக் கிடங்கு அது. உரிமையாளர் அமெரிக்க நிறுவனம், கொடி சியரா லியோன், உள்ளே இருந்த 35 பேரில் இந்தியர், பிரிட்டிஷார், எஸ்தோனியர், உக்ரைன்காரர். 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டது. 2016இல் இங்குள்ள நீதிமன்றம் ஐந்தாண்டு விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லாரையும் விடுவித்தது. நான்கு ஆண்டு போனது. கடலில் ஆயுதம் வைத்திருக்கும் தனியார் யாருடைய சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பதை முன்கூட்டியே எவரும் முடிவு செய்யாததால், அங்கே சம்பளத்துக்கு இருந்தவர்கள் சிறையில் இருந்தார்கள்.

சோமாலியர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அரசு விழுந்த பிறகு அந்தக் கடலில் வெளிநாட்டு இழுவைப் படகுகள் புகுந்து அள்ளியது உண்மை. அந்தக் கரை மீனவரின் கோபம் உண்மையான கோபம். ஆனால் 2008க்குப் பின் நடந்தது முதலீடு போட்டு, பங்கு பிரித்து நடத்திய தொழில். அதன் பெரிய முதலாளிகளில் ஒருவரான அப்வெய்னே படகில் ஏறிப் பிடிபடவில்லை. அவர் கையில் சோமாலிய அரசின் ராஜதந்திரக் கடவுச்சீட்டே இருந்ததாக ஐ.நா. கண்காணிப்புக் குழு எழுதியது. கடைசியில் அவரைப் பற்றித் திரைப்படம் எடுப்பதாகச் சொல்லி வரவழைத்து, 2013இல் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் பெல்ஜியம் கைது செய்தது. 20 ஆண்டுச் சிறை. இத்தனை போர்க்கப்பல்கள் செய்யாததை ஒரு பொறுமையான புலனாய்வு செய்தது. பிடிபடும் பையன்களின் எண்ணிக்கையை வைத்து வெற்றியை அளப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

நம் புதிய சட்டத்திலும் எனக்குக் கவலைகள் இருக்கின்றன. ஆயுதமும் கருவியும் கையில் பிடிபட்டு, அவை குற்றத்துக்கானவை என்று நம்பக் காரணமும் இருந்தால், குற்றவாளி என்றே நீதிமன்றம் ஊகித்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். சோமாலியக் கடலில் மீனவனும் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பான். மொழி தெரியாத, வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத ஒருவன் மும்பையில் அதை எப்படி நிரூபிப்பான்? உயிர்ப்பலி நேர்ந்தால் மரண தண்டனைக்கும் இடமிருக்கிறது. மரண தண்டனை உள்ள நாட்டிடம் கைதிகளையும் ஆதாரங்களையும் கொடுக்க ஐரோப்பிய நாடுகள் தயங்கும். நாமே நம் வழக்குகளைப் பலவீனமாக்கிக்கொள்கிறோம்.

மிகப் பெரிய குறை வேறு. கொள்ளையனைப் பற்றி அவ்வளவு எழுதிய சட்டம், கொள்ளையனிடம் மாட்டியவனைப் பற்றி எதுவும் எழுதவில்லை. சரக்குக் கப்பல் மாலுமிக்குச் சர்வதேச அளவில் ஒரு பாதுகாப்பு வந்துவிட்டது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் செய்த திருத்தம் 2020 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. கடத்தப்பட்டுக் கிடக்கும் காலம் முழுதும் வேலை ஒப்பந்தம் தொடரும், சம்பளம் வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் மீன்பிடிப் படகுகளுக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது. 2024 மார்ச்சில் நம் கடற்படை கொள்ளையரிடமிருந்து மீட்ட 'அல் கம்பர்' ஈரானிய மீன்பிடிப் படகு. அதில் இருந்த 23 பேரும் பாகிஸ்தானியத் தொழிலாளர்கள். அதே ஈரானியப் படகுகளில் நம் மாவட்டங்களிலிருந்தும் போகிறார்கள். 2020 ஜூலையில் பந்தர் அப்பாஸிலிருந்து ஐ.என்.எஸ். ஜலஷ்வா அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்களை இந்தத் துறைமுகத்தில்தான் கொண்டுவந்து இறக்கியது. அவர்களில் பெரும்பாலோர் மீனவர்கள். அவர்களில் ஒருவர் நாளை கடத்தப்பட்டால், அவருக்குச் சம்பளம் தர வேண்டும் என்றோ, மீட்கப் பேச வேண்டியவர் யார் என்றோ, வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டியவர் யார் என்றோ எந்த எழுத்திலும் இல்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2007இலேயே மீன்பிடித் தொழிலுக்கென்று 188ஆம் உடன்படிக்கையை உருவாக்கியது. இந்தியா இன்னும் அதில் சேரவில்லை. சேர வேண்டும் என்று மீனவர் சங்கங்கள் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். வெளிநாட்டுப் படகுக்குப் போகும் ஒவ்வொருவருடைய ஒப்பந்தத்தின் நகலும், படகின் பெயரும் கொடியும், இங்கே மீன்வளத் துறையிடம் பதிவாக வேண்டும். கடத்தல் நடந்த நாளிலிருந்து குடும்பத்தோடு பேசுவதற்கு ஓர் அதிகாரியின் பெயர் சட்டப்படி குறிக்கப்பட வேண்டும். மனுவின் வரைவை எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் சங்கத் தலைவர்கள் என்னிடம் வாங்கிப் படித்துப் பாருங்கள். திருத்தம் இருந்தால் இன்றே சொல்லுங்கள்.